சுட்ட முறுக்கா, சுடாத முறுக்கா?

2024 தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எங்கள் வீட்டில் ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இந்த முறை பலகாரம் எதுவும் வீட்டில் சுடுவதில்லை, எல்லாம் கடையில் வாங்கிக்கொள்வது. முன்மொழிந்தவள் நான், வழிமொழிந்தவர் என் கணவர். அவர் கொஞ்சம் வேகமாகவே வழிமொழிந்தார். முந்தின வருஷத்து முறுக்கை அவர் மறந்திருக்க நியாயமில்லை.

நாலு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு உளுந்த மாவு என்பது என் கணக்கு. மாவுக்கு அது தெரியவில்லை. அச்சை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. நான் பிழிந்தேன், அவர் பிழிந்தார், கடைசியில் ஆளுக்கொரு கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டு கிணற்றில் தூர் வாருகிறவர்கள் மாதிரி மல்லுக்கட்டினோம். சட்டியில் சலசலப்பு அடங்கினால் முறுக்கு வெந்துவிட்டது என்று அர்த்தம். சட்டியில் அடங்கியது, எங்கள் இருவருக்கும் இடையே அடங்க ராத்திரி ஒரு மணி ஆயிற்று. கார்த்திகைத் தீபம் வந்தும் டப்பாவில் முறுக்கின் அளவு குறையவில்லை என்பதோடு இந்தக் கதையை நிறுத்திக்கொள்கிறேன்.

ஊருக்கும் போகவில்லை. திருநெல்வேலிக்கு டிக்கெட் எடுக்க ஜூலை முதல் தேதியே காலை 8 மணிக்கு உட்கார்ந்தோம். ஐந்து நிமிஷத்தில் காத்திருப்போர் பட்டியல். அப்போதெல்லாம் 120 நாள் முன்பே முன்பதிவு. அந்தத் தீபாவளிக்கு மறுநாள், நவம்பர் 1 முதல், அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். டிக்கெட் கிடைக்காது என்கிற கவலையை இனி இரண்டு மாதம் பட்டால் போதும். இவ்வளவு நல்லது யார் செய்வார்கள்?

ஆக, வேலையும் இல்லை, பயணமும் இல்லை. வியாழக்கிழமை பண்டிகை, வெள்ளிக்கிழமைக்கும் அரசு விடுமுறை, நாலு நாள் காலை நீட்டிக்கொண்டு இருக்கலாம். புதன்கிழமை சாயங்காலம் அப்படித்தான் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போது எங்கிருந்தோ வந்தது அந்த வாசனை. காய்ந்த எண்ணெயில் மாவு விழுகிற வாசனை. மேஜையில் கடைப் பெட்டிகள் மூன்று, நூல் கட்டு கூடப் பிரிக்காமல், என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

பிராயச்சித்தமாக லேகியம் கிண்டலாம் என்று எழுந்தேன். நாட்டு மருந்துக் கடையில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை எல்லாம் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருகிறார்கள். பொடித்து, வெல்லத்தில் போட்டு, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டு, கை கழன்று விழும்வரை கிண்ட வேண்டும். வீட்டுப் பலகாரம் தின்று வயிறு கெட்டால் கைகொடுப்பதற்காக ஏற்பட்டது லேகியம். பலகாரமே சுடாதவள் அதைக் கிண்டியது, திருடு போகாத வீட்டுக்குப் போலீஸ் வந்த மாதிரிதான்.

விடியற்காலை நாலரைக்கு மாமியாரின் போன்.

"எண்ணெ தேச்சுக் குளிச்சாச்சா? பலகாரமெல்லாம் சுட்டாச்சாம்மா?"

"சுட்டாச்சு அத்தை."

இது பொய் இல்லை. தமிழில் 'சுட்டாச்சு' என்பதற்கு எழுவாய் தேவையில்லை. யாரோ, எங்கேயோ, ஒரு பெரிய சட்டியில் சுட்டுத்தானே இருக்கிறார்கள்! இலக்கணத்தை இந்த அளவுக்கு நம்பியது பள்ளிக்கூடத்தில்கூட இல்லை.

வெடி வெடிக்கக் காலையில் 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் குறித்திருக்கிறார்கள். 'என்ன பலகாரம் செஞ்சீங்க?' என்று கேட்பதற்கும் அப்படியே இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருக்கலாம். செய்யவில்லை. பத்து மணிக்கு எதிர் வீட்டு அக்காவுக்குத் தட்டு கொண்டுபோக வேண்டும்.

கடை முறுக்கில் ஒரு சங்கடம். எல்லாம் ஒரே அச்சு, ஒரே வட்டம், ஒரே நிறம். பார்த்த உடனே தெரிந்துவிடும். கதவைச் சாத்திக்கொண்டு, எவர்சில்வர் தட்டில் எட்டு முறுக்கை அடுக்கினேன். மூன்றின் ஓரத்தைக் கிள்ளினேன். ஒன்றை இரண்டாக உடைத்தேன். இப்போது வீட்டு முறுக்கின் லட்சணம் வந்துவிட்டது. கிள்ளிய துண்டுகளைச் சாட்சி இல்லாமல் நானே தின்றேன்.

"அட, எவ்வளவு நல்லா வந்திருக்கு! வெண்ணெய் போட்டீங்களா, டால்டாவா?" என்றார் அக்கா.

"வெண்ணெய்" என்றேன். இதற்கு இலக்கணம் உதவவில்லை.

தட்டை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பது வழக்கம். சாயங்காலம் அக்கா அதில் ஆறு லட்டு வைத்துக் கொண்டுவந்தார். "ராத்திரி ரெண்டு மணி வரை பூந்தி தேச்சேன், தோள்பட்டையே போச்சு" என்றார். அடியில் இருந்த ஒரு லட்டில் மட்டும் காகிதக் கிண்ணத்தை எடுக்க மறந்துவிட்டார். கிண்ணத்தில் கடைப் பெயர் அச்சாகியிருந்தது. நான் வாங்கிய அதே கடை.

முந்தின நாள் வாசனை கீழ்த்தளத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

அடுத்த தீபாவளிக்குத் தட்டே எடுக்கப்போவதில்லை. கடைப் பெட்டியை, நூல் கட்டோடு, அப்படியே அக்காவிடம் நீட்டப்போகிறேன். இதைப் படிக்கிறவர்கள் யாராவது திருநெல்வேலிப் பக்கம் போனால், தயவுசெய்து எங்கள் அத்தையிடம் மட்டும் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்.