தண்ணீர் போகும் வழி

ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலையில் கொல்லைக் கதவைத் திறந்து, எந்த மூலையில் தண்ணீர் நிற்கிறது, எந்த மூலையில் வடிந்து மண் பொலபொலவென்று கிடக்கிறது என்று பார்த்து வளர்ந்தவர்கள் காவிரிப் பாசன ஊர்களில் இன்னும் நிறையப் பேர் இருப்பீர்கள். வைக்கோல் போர் எங்கே, மாட்டுக்கொட்டில் எங்கே, எருக்குழி எங்கே என்பதெல்லாம் அந்தப் பார்வையில்தான் முடிவாகும். எங்கள் தாத்தா ஈர மண்ணை எடுத்துக் கட்டைவிரலால் நசுக்கி நாடாவாக நீட்டுவார். நீளமாக வந்தால் களி, பாதியில் அறுந்தால் மணல் கலந்தது, நாடாவே வராவிட்டால் நல்ல வடிகால் பூமி. அவர் நீட்டிய களியை நாங்கள் வாங்கிக்கொண்டு போய் மாடு செய்வோம்.

அப்போது வீட்டில் கழிப்பறை கிடையாது. அதில் எனக்கு எந்த ஏக்கமும் இல்லை. அம்மாவும் அத்தைகளும் கருக்கலில் எழுந்து, இருட்டு விலகுமுன் திரும்பிவிட வேண்டுமென்று வரப்பில் வேகமாக நடந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. 2014 அக்டோபர் 2 அன்று தொடங்கிய தூய்மை இந்தியா திட்டம் 12,000 ரூபாய் ஊக்கத்தொகையோடு கொல்லைதோறும் ஒரு கதவை நிறுத்தியபோது நான் மனதார மகிழ்ந்தேன். குழி வெட்டுமுன் மண்ணைக் கேட்டுப் பார்க்கும் வழக்கம் இதோடு சேர்ந்து போய்விட்டதே என்பதுதான் என் வருத்தம்.

தாத்தா விரலால் கேட்டதை நான் பாலிடெக்னிக்கில் ஸ்கேலும் கடிகாரமும் வைத்துக் கேட்கப் பழகினேன். செப்டிக் டேங்குக்காக 1985-இல் திருத்தி வெளியிடப்பட்ட இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2470 அந்த முறையை விளக்குகிறது. வடிகால் அமையப்போகும் ஆழத்துக்கு ஒரு சிறு குழி; பக்கங்களைச் சுரண்டிவிட்டு அடியில் ஐந்து சென்டிமீட்டர் சரளை; அதன்மேல் 30 சென்டிமீட்டர் தண்ணீர். பிறகு ஓர் இரவு பொறுக்க வேண்டும். சித்திரையில் வெடித்துக் கிடக்கும் களிமண் முதல் குடத்தை ஆவலாகக் குடித்துவிடும். ஊறி உப்பி வெடிப்பெல்லாம் மூடிக்கொண்ட பிறகுதான் அதன் உண்மைக் குணம் தெரியும். மறுநாள் தண்ணீர் 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் என்பதே கணக்கு. 30 நிமிடத்துக்குள் இறங்கினால் உறிஞ்சு குழி போதும். 30 முதல் 60 வரை என்றால் நீளவாக்கில் பரவல் வாய்க்கால் வெட்ட வேண்டும். அதற்கும் மேலென்றால் அந்த மண்ணை நம்பாமல் கழிவுநீரை வடிகட்டி அமைத்துத்தான் சுத்திகரிக்க வேண்டும். புங்கமரத்தடியில் உட்கார்ந்து, டீ ஆறுவதும் தெரியாமல், தண்ணீர் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்த அந்த வேலையைப்போல் எனக்குப் பிடித்த வேலை பிறகு வாய்க்கவில்லை.

இப்போது காலையில் பொக்லைன் வருகிறது, மதியம் லாரியில் சிமெண்ட் உறை வருகிறது, சாயங்காலம் மூடி போட்டாகிவிடுகிறது. புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் சரளைக்கும் எங்கள் ஊர்க் களிக்கும் அதே உறை, அதே ஆழம். கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறி வந்து உறைக்குள் நிற்கும். கக்கூஸில் ஊற்றிய தண்ணீர் போகாது. பெண்கள் மறுபடி வரப்பைத் தேட வேண்டிவரும். அப்புறம் யாரோ ஒருவர் இருட்டில் ஒரு குழாயை வாய்க்காலுக்குத் திருப்பிவிடுவார். அந்த வாய்க்காலில்தான் நாம் நீச்சல் பழகினோம்.

அண்ணன் மகள் ஊரில் வீடு கட்டியபோது நான் பிடிவாதமாக நின்றேன்.

"உறை இறக்கிட்டா இன்னிக்கே முடிஞ்சிரும் சார்."

"ஒரு ராத்திரி பொறுங்க மேஸ்திரி. மண்ணு என்ன சொல்லுதுன்னு பாத்துருவோம்."

வெட்டிய பக்கத்தில் சாம்பல் நிறக் களியும் அதில் துருநிறப் புள்ளிகளும் இருந்தன. மழைக்காலத்தில் அதுவரை நீர் ஏறி நிற்கும் என்பதற்கு அது அடையாளம் என்று காட்டினேன்; அவர் மண்ணை நசுக்கி நாடா நீட்டிப் பார்த்தார், நீளமாகவே வந்தது. மறுநாள் தண்ணீர் 30 நிமிடத்தைத் தாண்டித்தான் அந்த 25 மில்லிமீட்டர் இறங்கியது. ஆகவே உறை வேண்டாமென்று, தரைக்கு மேலே மண்ணும் மணலும் கொட்டி மேடு கட்டி, அதற்குள் பரவல் வாய்க்கால் அமைத்தோம். அடிபம்பிலிருந்து 18 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டுமென்பதால் மேட்டைக் கொல்லையின் கோடிக்குக் கொண்டுபோனோம். செலவு கூடத்தான் ஆயிற்று. அந்தக் கார்த்திகை முழுக்க மழை பெய்தும் கக்கூஸில் தண்ணீர் எதிர்த்து வரவில்லை.