நைட்டியும் வாய்பாடும்: கிந்தா பள்ளத்தாக்கு வீட்டாசிரியைகளின் உடை பற்றி ஓர் ஆய்வு

பேராக் மாநிலத்து ஈப்போவிலும் அதைச் சுற்றியுள்ள பழைய பால்மர (ரப்பர்)த் தோட்டப் பகுதிகளிலும் பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் அம்மா, காலை எட்டு மணிக்கு என்ன உடுத்தியிருப்பார்? சோழர் நாணயத்துக்கும் பானை ஓட்டுக்கும் ஆளுக்கொரு ஆய்வேடு எழுதித் தள்ளிய அறிவுலகம், இந்தக் கேள்வியை மட்டும் கண்டும் காணாமல் விட்டிருக்கிறது. விடை எளிது என்று நினைத்திருக்கலாம். நைட்டி, மேலே ஒரு துண்டு, அவ்வளவுதானே? ஆனால் விடை தெரிந்தவற்றை ஆராயக்கூடாது என்று ஒரு விதி வந்தால் முனைவர் பட்டங்களில் பாதி காணாமல் போய்விடும்.

முதலில் ஆய்வின் எல்லை. மலேசியாவின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் 2002இல் திருத்தப்பட்டு, 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயமானது. ஆறு வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வீட்டிலேயே படிக்கவைக்க அமைச்சரின் விலக்கு வேண்டும். விலக்குக் கடிதம் வைத்திருப்பவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் இந்தக் கட்டுரை இத்தோடு முடிந்துவிடும். கொரோனாவுக்காக 2020 மார்ச் 18 அன்று வந்த நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை ஆய்வைக் காப்பாற்றியது. பள்ளிகள் மூடின, எந்தக் கடிதமும் கேட்காமல் அம்மாக்கள் அத்தனை பேரும் ஒரே காலையில் ஆசிரியைகளானார்கள். 2021ஆம் ஆண்டுப் பள்ளித் தவணைகூட ஜனவரி 20 அன்று இல்லிருப்புக் கற்றலோடுதான் தொடங்கியது. கட்டாயக் கல்வி பற்றிய சட்டப் பிரிவில் அபராதம் இருக்கிறது, சிறை இருக்கிறது. வீட்டில் கற்பிப்பவர் என்ன உடுத்த வேண்டும் என்று ஒரு சொல்லும் இல்லை.

இந்தக் குறையை அரசாங்கமே ஒருமுறை தீர்த்துவைக்கப் பார்த்தது. ஆணை வந்த இரண்டு வாரத்துக்குள், மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் பெயரில் சில அறிவுரைப் படங்கள் சமூக ஊடகத்தில் வெளியாயின. வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்கள் வீட்டு உடுப்பைத் தவிர்த்து, ஒழுங்காக உடுத்தி, ஒப்பனையும் செய்துகொள்ளவேண்டும் என்றது ஒன்று. கணவரை நச்சரிக்காமல் டோரேமோன் பூனையின் குரலில் பேசிச் சிரிக்கலாம் என்றது இன்னொன்று. உலகப் பத்திரிகைகளே எடுத்துப்போட்டுச் சிரித்தபின், மார்ச் 31 அன்று மன்னிப்புக் கேட்டுப் படங்களை நீக்கினார்கள். உதட்டுச்சாயம் கலையாமல் ஒரு கையால் சோறு வடித்து, மறு கையால் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்குப் பின்னம் விளக்கும் பெண்மணியை அந்தப் படத்தை வரைந்தவர் எந்த வீட்டில் பார்த்தார் என்பது தனி ஆய்வுக்கு உரியது.

அமைச்சின் பக்கம் கொஞ்சம் அறிவியலும் இருந்தது என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2012இல் அமெரிக்காவில் ஹாஜோ ஆடம், ஆடம் கலின்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே வெள்ளைக் கோட்டைச் சிலருக்கு டாக்டர் கோட்டு என்றும் சிலருக்கு ஓவியர் கோட்டு என்றும் சொல்லிப் போட்டுவிட்டார்கள். டாக்டர் கோட்டு என்று நம்பிப் போட்டவர்களுக்குக் கவனம் கூடியதாம். அப்படியானால் லிட்டில் இந்தியாவில், லாஹாட் சாலைக் கடையில் தொங்கும் அதே பூப்போட்ட துணியை நைட்டி என்று சொல்லி மாட்டினால் அம்மா தூங்கிவிழுவார், கஃப்தான் என்று சொல்லி மாட்டினால் இயற்கணிதம் பொழிவார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2019இல் வேறொரு குழு கூடுதல் ஆட்களை வைத்து அதே ஆய்வின் இன்னொரு சோதனையைத் திரும்பச் செய்தபோது எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. நைட்டிக்கு விடுதலை.

இனி வகைப்பாடு. நைட்டி தலைமை இனம். அடுத்தது பாஜு கெலாவார். பாத்தேக் துணியை இரண்டாக மடித்து, கழுத்துக்கு ஓர் ஓட்டை வெட்டி, இரு பக்கமும் ஒரு தையல் ஓட்டினால் முடிந்தது. அளவு என்று ஒன்றே கிடையாது, பிள்ளைத்தாய்ச்சியும் போடலாம், பேத்தியும் போடலாம். மலாய், சீன, தமிழ் வீடுகள் மூன்றிலும் ஒரே உடை காலை நேரத்தில் உலவுகிறதென்றால் அது இதுவாகத்தான் இருக்கும். தேசிய ஒருமைப்பாட்டுக்காக மாநாடு கூட்டுபவர்கள் கவனிக்கலாம்.

மூன்றாவது, கைலியும் டீ-சட்டையும். இந்த டீ-சட்டை யாரும் காசு கொடுத்து வாங்கியதாக இருக்காது. கோயில் அன்னதானக் குழு, வங்கியின் குடும்ப தினம், பள்ளி விளையாட்டுப் போட்டி, என்றோ நடந்த பொதுத்தேர்தல் என எங்கிருந்தாவது இலவசமாக வந்திருக்கும். வேட்பாளர் தோற்றுப்போயிருப்பார், முகம் வெளுத்திருக்கும், சட்டை மட்டும் உழைக்கும். ஒரு வீட்டின் கொடிக்கயிற்றை இடமிருந்து வலமாகப் படித்தால் அந்தக் குடும்பத்தின் இருபதாண்டுச் சமூகத் தொடர்புகளைக் கல்வெட்டு வாசிப்பதுபோல் வாசித்துவிடலாம்.

ஆய்வாளர் அதிகம் மல்லுக்கட்டியது துண்டோடுதான். வெயிலுக்கில்லை, குளிருக்கில்லை, தலை துவட்டவும் இல்லை. பிள்ளையோடு பாடம் நடக்கும் மூன்று மணி நேரமும் அது நாற்காலி முதுகில் சும்மா கிடக்கும். வாசல் கேட்டில் பார்சல்காரர் ஹாரன் அடித்த மறுநொடி தோளுக்குத் தாவும். ஆக, உடையைத் தீர்மானிப்பது பாடமும் இல்லை, பிள்ளையும் இல்லை. பார்க்கப்போகும் அந்நியர்தான். கொரோனா காலத்தில் அந்த அந்நியர் கூகள் மீட் வழியாகக் கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டார். "ம்மா, டீச்சர் பாக்குறாங்க, அந்தப் பக்கமா போங்க!" என்று பிள்ளை அலறியதும், அம்மா குனிந்து, மேசைக்குக் கீழே பதுங்கி நடந்து அடுப்படிக்குப் போனதும் பல வீடுகளில் நடந்தவை. அம்மாவைப் பொறுத்தவரை வீடு என்பது கேமரா பிடிக்காத பகுதி மட்டுமே என்று சுருங்கியது.

அந்நியர் கண்ணுக்கு அஞ்சுவது பேராக்கின் தனிச்சொத்து அல்ல. 2018இல் ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்துத் தோகலப்பள்ளியில் ஊர்ப்பெரியவர்கள், காலை ஏழு முதல் மாலை ஏழு வரை நைட்டி போட்டால் 2,000 ரூபாய் அபராதம் என்றும், காட்டிக்கொடுப்பவருக்கு 1,000 ரூபாய் பரிசு என்றும் விதித்தார்கள். 2010 உலகக் கண்காட்சிக்கு முன் ஷாங்காய் நகரம் தெருவில் பைஜாமாவோடு நடக்காதீர்கள் என்று குடிமக்களிடம் மன்றாடியது. அதே ஆண்டு வேல்ஸில், கார்டிஃப் நகரத்து டெஸ்கோ கடை ஒன்று பைஜாமா வாடிக்கையாளருக்குக் கதவடைத்தது. இங்கிலாந்தின் டார்லிங்டனில் 2016இல் ஒரு தலைமையாசிரியை, பிள்ளையைப் பள்ளியில் விட வரும்போதாவது இரவு உடுப்பை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். பிள்ளையை வீட்டிலேயே படிக்கவைப்பவருக்கு இந்தக் கடிதம் வராது. வீட்டுக்கல்வியின் நன்மைகளில் இதைப் பெரும்பாலும் சேர்த்துச் சொல்வதில்லை.

இத்தனை பேரும் ஒரே இடத்தில்தான் வழுக்கினார்கள். நைட்டியை ஓய்வு உடை என்று எடுத்துக்கொண்டார்கள். அது வேலை உடை. இதை விளங்கிக்கொள்ளத் தோட்டத்துக்குப் போகவேண்டும்.

1877இல் கோலகங்சாரில் ஹியூ லோ நட்டுவைத்த கன்றுகளுக்குப் பின் பேராக்கில் பால்மரம் பரவியது. சுங்கை சிப்புட், சிம்மோர், பத்து காஜா எனத் தமிழர் வாழ்ந்த தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள்கணக்கெடுக்கும் இடத்துக்கு, வந்து கூடிய பெண்கள் எப்படி இருந்தார்கள்? கீழே கைலி, மேலே புருஷனின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் இறுக்கிய துணி, நெற்றியில் விளக்கு, இடுப்பில் புகையும் கொசுவத்தி. குளிர்ந்த அதிகாலையில்தான் மரம் நன்றாகப் பால்விடும், அந்நேரத்துக்குக் கொசுவும் விழித்திருக்கும். ஆகவே முழுக்கை. ரப்பர்ப்பால் பட்ட இடம் காய்ந்து கறுத்துவிடும், எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாது. ஆகவே பழைய சட்டை. ஒவ்வொரு நூலுக்கும் காரணம் இருந்தது. அந்தக் கறைபட்ட சட்டையோடு காண்டாக் கம்பில் பால்வாளி தூக்கிவந்த பெண்ணைப் பார்த்து, ஏன் இப்படி அலங்கோலமாக நிற்கிறாய் என்று கேட்டவர் உண்டா? அது வேலைச் சட்டை என்று தோட்டக் குடியிருப்பான லயத்துக் குழந்தைக்கும் தெரியும். மாலையில் குளித்து, பவுடர் போட்டு, பூ வைத்து அவர் கோயிலுக்குப் புறப்பட்டால் அது வேறு உடை, வேறு நேரம்.

தோட்டத்து வாத்தியார் நிலைமையும் ஏறக்குறைய இதுதான். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டமே பள்ளி நடத்தவேண்டும் என்றது. பல இடங்களில் எழுத்தரான கிராணியோ மேற்பார்வையாளரான கங்காணியோ பாடம் நடத்தினார். அதாவது வேறு வேலைக்கு உடுத்திவந்தவர், அந்த உடுப்போடு வாய்பாடும் சொல்லிக்கொடுத்தார். இன்றைய அம்மாவின் முன்னோடி அவர். நைட்டிதான் இல்லை.

இதே வட்டாரத்தில் எதிர்ச்சான்று ஒன்றும் உண்டு. பத்து காஜா அருகே, கெல்லி மாளிகைக்குப் பக்கத்து மாரியம்மன் கோயில் கூரையில், தெய்வச் சிலைகளுக்கு நடுவே தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித்தின் உருவமும் வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக நிற்கிறது. அவர் 1926இல் இறந்தார், மாளிகை முடியவே இல்லை. கிந்தா வெயிலில் கோட்டுப் போட்டு, வேர்க்காமல், வேலையும் செய்யாமல், இத்தனை காலம் கௌரவமாக நிற்கச் சுதையால்தான் முடியும். வீட்டிலிருக்கும் பெண் ஒப்பனையோடு இருக்கவேண்டும் என்று படம் போட்டவர்கள் மனத்திலும் இப்படி ஓர் உருவம்தான் இருந்திருக்கும்.

இனி நைட்டியின் ஒரே உண்மையான குறை. தோட்டத்து அம்மாவின் சட்டைக்கு ஒரு பை இருந்தது. ஆண்பிள்ளைச் சட்டை என்பதால் நெஞ்சோரம் தானாகவே வந்த பை. வெற்றிலை, சில்லறை, தீப்பெட்டி எல்லாம் அதில் அடங்கின. கடை நைட்டிகள் பலவற்றில் பையே இல்லை. பாடம் நடத்தும் அம்மாவிடமோ கைப்பேசி, சீவிய பென்சில், பிள்ளையிடமிருந்து பறிமுதல் செய்த பொம்மை, கேட் சாவி ஆகியவை எந்நேரமும் இருக்கும். கைப்பேசியை இடுக்கில் செருகி, சாவியைப் பல்லில் கவ்விக்கொண்டு ஏழாம் வாய்பாடு சொல்லும் பெண்களை முன்னிட்டு, தையற்காரரிடம் பக்கவாட்டில் பை வைத்துத் தரச் சொல்லுமாறு இந்த ஆய்வு பரிந்துரைக்கிறது. இடப்பக்கமா வலப்பக்கமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வலக்கையில் கரண்டி இருக்கும் என்பதால் இடப்பக்கம் என்கிறது ஒரு தரப்பு. இடுப்பில் கைக்குழந்தை உட்காரும் பக்கம் அது, கைப்பேசி எச்சிலாகிவிடும் என்கிறது மறுதரப்பு. இரண்டு பக்கமும் வைக்கலாமே என்றால், தையற்காரர் கூலி இரண்டு மடங்கு என்கிறார்.