கிழங்கு சிறிது, மீன் பெரிது

கேள்வி-பதில்

(எடை குறைக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு என்ன சாப்பிடுவது என்று கீரிப்பாறை, தடிக்காரன்கோணம் பக்கத்து வாசகர்கள் கேட்டவை இந்த வாரம்.)

*இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. ஒரு நாளைக்கு எத்தனை கிராம் மாவுச்சத்து சாப்பிடலாம்? ஆளுக்கு ஓர் எண் சொல்லுகிறார்கள்.*

ஆளுக்கு ஓர் எண் சொல்வதில் தப்பில்லை, மாதத்துக்கு ஓர் எண் இருக்கிறது. ஆரம்ப மாதங்களில் சுமார் 50 கிராம். வயிறு பழகி, சாப்பாட்டின் அளவு கூடக்கூட, படிப்படியாக 130 கிராம் வரை. நன்றாக இருக்கிற ஒருவரின் மூளைக்குத் தேவையான சர்க்கரையைக் கணக்கிட்டு வந்த எண் அந்த 130. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையிலும் அதுதான் இருக்கிறது. மூன்றாம் மாதத்தில் நீங்கள் இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்பீர்கள். சர்க்கரை நோய் இருந்தால் உங்கள் எண்ணை உங்கள் மருத்துவர்தான் குறிக்க வேண்டும்.

அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இன்று 60 கிராம் புரதம் உள்ளே போனதா? வாழைக்காய் அளவுக்குச் சுருங்கிவிட்ட வயிற்றில் முதலில் ஏறுகிறவருக்குத்தான் இடம். முட்டையும் மீனும் பயறும் முதலில் ஏறட்டும். சோறு மிச்ச இடத்தில் உட்காரட்டும்.

*மாவுச்சத்தே வேண்டாம் என்று அடியோடு நிறுத்திவிட்டால் இன்னும் சீக்கிரம் மெலியலாமே?*

மெலியலாம். கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும். ஏற்கெனவே குறைவாகச் சாப்பிடுகிறீர்கள், அதிலும் ஒரு கதவை அடைத்தால் களைப்பு, மலச்சிக்கல், தலைசுற்றல் மூன்றும் வந்து சேரும். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது ஆபத்து. ரத்தத்தில் அமிலம் ஏறி மருத்துவமனைக்கு ஓட நேரிடும். இன்சுலின் போடுகிறவர்களும் பழைய அளவையே தொடரக் கூடாது. சாப்பாடு பாதியான பிறகு மருந்து மட்டும் முழுசாக இருந்தால் சர்க்கரை தரைதட்டிவிடும்.

*மரச்சீனிக்கிழங்கை விடச் சொல்லுகிறார்கள். எங்கள் வீட்டில் அது இல்லாத வாரம் கிடையாது.*

விட வேண்டாம், தட்டில் அதன் இடத்தை மாற்றுங்கள். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தக் கிழங்குச் சாகுபடியை ஊக்கி வளர்த்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வராமல் நின்றபோது, இன்றைய குமரி மாவட்டமும் சேர்ந்திருந்த அந்த நாட்டைப் பட்டினியிலிருந்து காத்ததில் இதற்குப் பெரிய பங்கு. அப்படிப்பட்ட கிழங்கை ஒரு சீட்டில் எழுதி வீட்டைவிட்டு அனுப்ப முடியாது, அனுப்பவும் கூடாது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். அவித்த கிழங்கு 100 கிராமில் மாவுச்சத்து 30 கிராமுக்கு மேல், புரதம் 1 கிராம் அளவுதான். அதே 100 கிராம் சாளையில் புரதம் 20 கிராம் பக்கம், மாவுச்சத்து இல்லவே இல்லை. ஆபரேஷனுக்கு முன் தட்டு நிறையக் கிழங்கும் ஓரத்தில் இரண்டு சாளையும் இருந்திருக்கும். இனி மூன்று சாளையை முள் நீக்கி மசித்து முதலில் சாப்பிடுங்கள், கிழங்கு இரண்டு சிறு துண்டு போதும். முதல் இரண்டு மாதம் அதுவும் வேண்டாம், மென்மையான உணவுக்கு மருத்துவர் அனுமதித்த பிறகு தொடங்கலாம். நடுநார் உருவி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கிழங்கில் இயல்பாக உள்ள சயனைடு பெருமளவு அப்படித்தான் போகும். மிஞ்சியதை முறிக்க உடம்புக்குக் கந்தகம் உள்ள புரதம் வேண்டும், மீனில் அது தாராளமாக இருக்கிறது. கிழங்குக்கு மீன்கறி என்று சேர்த்து வைத்த கைகளைக் கும்பிடத் தோன்றுகிறது.

*நான் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவள். விடியுமுன் மேடேறி நடக்க வேண்டும். வெறும் வயிற்றில் போகலாமா?*

கூடாது. வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் உங்கள் வேலை நேரம் மாறாது. எனவே சாப்பாட்டு நேரம்தான் மாற வேண்டும். கிளம்புமுன் ஓர் அவித்த முட்டை, ஓர் இட்லி. வெட்டு முடிந்து பால் எடுக்கப் போகுமுன் ஒரு கை அவித்த பயறு. உடம்பால் உழைக்கிறவருக்கும் நாற்காலியில் இருக்கிறவருக்கும் ஒரே எண் எழுதிக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. 50 கிராமிலேயே மாதக்கணக்கில் நின்றுகொண்டு மலைச்சரிவில் கத்தியோடு நடக்க வேண்டாம். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று உணவு ஆலோசகர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

தண்ணீர் நாள் முழுக்க ஒன்றரை லிட்டராவது, மடக்கு மடக்காக. சாப்பாட்டோடு சேர்க்காமல் அரைமணி விட்டுக் குடியுங்கள். எத்தனை வாரம் கழித்து வேலைக்குத் திரும்பலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

*கருப்பட்டிக் காப்பி நல்லதுதானே? குடித்த கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது, வயிறு கலக்குகிறது.*

கருப்பட்டி பனையிலிருந்து வந்தாலும் பெரும்பகுதி சர்க்கரைதான். குடலை மாற்றி இணைக்கும் பைபாஸ் ஆபரேஷனில் உணவு இரைப்பையில் தங்காமல் நேரே சிறுகுடலில் விழுகிறது. அடர்த்தியான இனிப்பு விழுந்தால் குடல் அதை நீர்க்கச் செய்ய உடம்பின் நீரை இழுக்கும். 10 முதல் 30 நிமிடத்துக்குள் நீங்கள் சொன்ன அத்தனையும் வரும். இரைப்பையை நீளவாக்கில் வெட்டிக் குறைக்கும் ஸ்லீவ் முறையிலும் சிலருக்கு உண்டு.

இன்னொன்று பின்னால் வரும். சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் இன்சுலின் மிகுந்து சர்க்கரை இறங்கும்: நடுக்கம், கண் இருட்டல், திடீர்ப் பசி. அப்போதைக்கு மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ், தெளிந்ததும் முட்டையோ பயறோ. அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். இனிப்பால் வந்ததை இனிப்பாலேயே தீர்த்துக்கொண்டிருந்தால் எடைதான் திரும்ப ஏறும்.

*கஞ்சி லேசான உணவு, எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்கிறார் மாமியார்.*

அவர் அன்பில் சொல்கிறார். ஆனால் நீர்க்கஞ்சி வயிற்றில் நிற்காது, வழுக்கி இறங்கிவிடும். சீக்கிரமே பசிக்கும், மறுபடி கஞ்சி வரும். பயறைக் கூடப் போட்டுக் கெட்டியாக வேகவைத்து, முதலில் பயறை மென்று சாப்பிடுங்கள். அரிசி புழுங்கலாக இருக்கட்டும். புழுக்கும்போது உமியையொட்டிய தயமின் உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்குகிறது, பச்சரிசியைத் தீட்டினால் அது தவிட்டோடு போய்விடும்.

*பத்து நாளாக எது சாப்பிட்டாலும் வாந்தி. ஆபரேஷன் செய்தால் அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள்.*

இதைப் படித்து முடிக்க வேண்டாம், இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். உடம்பில் தயமின் சேமிப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது. அது தீர்ந்தால் பார்வை இரண்டாகும், நடை தள்ளாடும், குழப்பம் வரும். நினைவாற்றல் நிரந்தரமாகப் போகவும் கூடும். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மோசமாகும். எந்த மருத்துவமனை ஆனாலும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்: "எனக்கு எடை குறைக்கும் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, பல நாளாக வாந்தி, தயமின் கொடுங்கள்." கூடப் போகிறவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

*மட்டிப்பழம்?*

2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்ப் பழம். ஒன்று. சாப்பாட்டுக்குப் பிறகு, நன்றாக மென்று. ஏத்தம்பழம் என்றால் பாதி. ஏத்தங்காய் வறுவல் பொட்டலத்தைப் பிரிக்காமல் இருப்பது மேல். மொறுமொறுப்பான பண்டம் சின்ன வயிற்றிலும் தடையில்லாமல் இறங்கும், நிறைந்ததே தெரியாது.

*"வாயைக் கட்டத் தெரியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டாள்" என்று ஊரில் பேசுகிறார்கள்.*

பேசுகிறவர்கள் கிரெலின் என்ற பசி ஹார்மோனைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அது பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில் சுரக்கிறது. உடம்பு எடை இழந்தால் அது கூடி, இழந்ததை மீட்கப் பார்க்கும். ஸ்லீவ் ஆபரேஷனில் அந்த மேல்பகுதியே எடுக்கப்படுவதால் பசியும் அடங்குகிறது. ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய நீண்டகால ஆய்வு, ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைந்ததாக 2007-இல் சொன்னது. நீங்கள் சிகிச்சை எடுத்திருக்கிறீர்கள், அதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இந்தியர் உணவில் ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாக 2025-இல் வந்த தேசிய ஆய்வு சொல்கிறது. பேசுகிறவர்களின் தட்டிலும் அதுதான் இருக்கும்.

*ஆறு மாதம் தாண்டியவர்களுக்கு ஒரு நாள் கணக்கு எழுதித் தாருங்கள்.*

காலை ஒரு முட்டை, இரண்டு இட்லி: மாவுச்சத்து 20 கிராம் அளவு. பதினொரு மணிக்குச் சர்க்கரை போடாத பால் ஒரு டம்ளர்: 10. மதியம் முதலில் மீன், பிறகு கீரைத் துவரன், கடைசியில் 75 கிராம் சோறு: 20. மாலை அரைக் கிண்ணம் அவித்த பயறு: 20. பிறகு ஒரு மட்டிப்பழம்: 15 பக்கம். இரவு ஒரு சிறு தோசை, இன்னொரு முட்டை அல்லது மீன்: 15. கூட்டினால் 100. மீன் துண்டு சிறியதாக இருந்தால் புரதம் 60-ஐத் தொடாது, மாலையில் பயறைக் கூட்டிப் பழத்தை மறுநாளைக்கு வையுங்கள். பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் இந்தக் கணக்கில் வராது, ஆனால் ஆயுள் முழுக்க உண்டு. இரும்பையும் கால்சியத்தையும் ஒரே வேளையில் விழுங்க வேண்டாம், இரும்பு மாத்திரைக்குப் பக்கத்தில் தேயிலையும் வேண்டாம். இரவு வயிறு நிறைந்துவிட்டால் தோசையை விடுங்கள், முட்டையை விடாதீர்கள்.