ஸ்டேட்டஸ் விசுவாசி

விடிகாலை ஐந்து மணிக்குக் கண் விழித்ததும் ஸ்டேட்டஸ் விசுவாசியின் கை தேடுவது செல்போனைத்தான். இதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. அவருடைய வேதாகமமும் அதற்குள்தான் இருக்கிறது. அதைத் திறக்கப் போகிற வழியில் வாட்ஸ்அப் குறுக்கே நிற்கிறது, அவ்வளவுதான். அன்றைய வாக்குத்தத்த வசனம், பின்னால் ஒரு சூரியோதயம், ஓரத்தில் கோட் போட்ட தன் படம், அடியில் தன் செல் நம்பர். வசனத்தைவிட நம்பர் ஒரு சுற்றுப் பெரிய எழுத்தில் இருக்கும். சபைக் குழு, வாலிபர் குழு (வாலிபம் போய் இருபது வருஷமாகியும் அவர் வெளியேறவில்லை), பழைய கல்லூரித் தோழர் குழு, சண்டை போட்டு மூன்றாகப் பிரிந்த குடும்பக் குழுக்கள் எல்லாவற்றுக்கும் அனுப்பிவிட்டு முழங்கால் போடும்போது மணி ஐந்தே முக்கால். ஜெபத்தின் நடுவே 'ஆமென்' வந்து விழும் ஓசை கேட்கும். கண்ணைத் திறக்காமலே அது யாருடைய ஆமென் என்று ஊகிக்கிற வரம் அவருக்கு உண்டு. பாளையங்கோட்டையிலும் நாகர்கோவிலிலும் துபாயிலும் டொரன்டோவிலும் இவர் வாழ்கிறார். சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என்ற வேறுபாடெல்லாம் இவரிடம் கிடையாது. சபைகள் பல நூற்றாண்டுகளாகத் தேடிய ஐக்கியம் இந்த ஒரு விஷயத்தில் கைகூடியிருக்கிறது.

சமூக ஊடகத்தின் ஆபத்தைப் பற்றிப் பிரசங்க பீடத்திலிருந்து வருகிற எச்சரிப்பு பெரும்பாலும் ஆபாசப் படம், வீண் அரட்டை, பிள்ளைகளின் காதல் என்பதோடு நின்றுவிடும். ஸ்டேட்டஸ் விசுவாசி அதற்கு மிகச் சத்தமாக ஆமென் சொல்வார், ஏனென்றால் அவை எதுவும் அவரிடம் இல்லை. அவர் மாட்டிக்கொள்வது தன் பக்தியில். மலைப்பிரசங்கத்தில் மத்தேயு ஆறாம் அதிகாரம் எடுத்துக்கொள்வது தர்மம், ஜெபம், உபவாசம் என்ற மூன்று நல்ல காரியங்களை. ஆள் பார்க்க அவற்றைச் செய்தால் மனுஷரிடமிருந்து கிடைப்பதோடு பலன் தீர்ந்தது என்று சொல்கிறது. இவருடைய பக்கத்தைத் திறந்தால் அதே மூன்றும் அதே வரிசையில் இருக்கும். ஓர் அரிசி மூட்டையை நாலு பேர் பிடித்துக் கொடுக்கிற படம். வாங்குகிற பாட்டியை மட்டும் கேமராவைப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். அடுத்தது இரவு ஜெபத்தில் கண்ணை மூடிய படம். மூடிய கண்ணோடு செல்பி எடுப்பது எளிய காரியமல்ல. பிறகு லெந்து நாட்களில் ஃபேஸ்புக்கை விட்டு உபவாசம் இருக்கப்போவதாக ஃபேஸ்புக்கிலேயே ஓர் அறிவிப்பு. வாழ்த்தியவர்களுக்கெல்லாம் நன்றி சொல்வதில் முதல் வாரம் போய்விடும். அக்காலத்தில் தெருச்சந்தியில் நின்று ஜெபித்தவனை அந்தத் தெருவில் போனவர்கள் மட்டுமே பார்த்தார்கள், அவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கவும் அவனுக்கு வழியில்லை. 2009இல் ஃபேஸ்புக் லைக் பட்டனைக் கொண்டுவந்தபின் மனுஷரிடமிருந்து வரும் பலன் இலக்கத்திலேயே தெரிகிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ பார்த்தவர்களின் பெயர்ப் பட்டியலே வரும். பார்த்தும் பேசாமல் போன சபைச் செயலாளரை ஞாயிற்றுக்கிழமை கவனித்துக்கொள்ளலாம். ஐந்தாம் நூற்றாண்டுத் துறவி யோவான் காசியன் வீண்புகழ்ச்சியை வெங்காயத்துக்கு ஒப்பிட்டார்: ஒரு தோலை உரித்தால் அடியில் இன்னொன்று. லெந்து அறிவிப்பை அவர் பார்த்திருந்தால் உவமையை மாற்ற அவசியம் இருந்திராது.

பக்தியின் வேகத்தில் ஒன்பதாம் கட்டளையும் அடிபடுகிறது. பழைய பாணிப் பொய்ச்சாட்சிக்காரனுக்கு ஓர் எதிரி வேண்டும், ஏதாவது லாபமும் வேண்டும். இவருக்கு நல்ல மனசு ஒன்றே போதும். ஆப்கானிஸ்தானில் மிஷனரிகளுக்கு நாளை மதியம் மரண தண்டனை, ஜெபித்து எல்லாருக்கும் அனுப்புங்கள் என்ற செய்தி பத்து வருஷத்துக்கும் மேலாக உலகத்தைச் சுற்றுகிறது. சில பிரதிகளில் 22 பேர், சிலவற்றில் 229 பேர். அந்த நாளை மதியம் மட்டும் இன்னும் வரவில்லை. 2007இல் அங்கே தென்கொரியச் சபையார் 23 பேரைத் தாலிபான்கள் கடத்தி இருவரைக் கொன்றது உண்மை. ஆனால் இனி அப்படி ஒன்று நிஜமாகவே நடந்தாலும், 'இதுவும் ஃபார்வர்டா?' என்றுதான் சபை கேட்கும். ஃபார்வர்டு என்றால் சிரித்துவிட்டுப் போகிற விஷயமும் அல்ல. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று நினைத்து ஊர் அடித்துக் கொன்றது. வாட்ஸ்அப் வதந்தி அந்தப் பயத்தை முன்பே விதைத்திருந்தது. அதேபோன்ற கொலைகள் நாட்டில் பெருகியபின், ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்குமேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. நம்மவர் அதைச் சபைக்கு வந்த உபத்திரவம் என்று கண்டித்து ஒரு செய்தி எழுதி, ஐந்தைந்தாக அனுப்பினார்.

அவர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. விளக்கை மூடி வைக்காதே என்று அதே மலைப்பிரசங்கம் ஓர் அதிகாரத்துக்கு முன்னால் சொல்கிறதே என்பார். சொல்கிறதுதான். அங்கே வெளிச்சத்தைக் கண்டவர்கள் பிதாவை மகிமைப்படுத்துகிறார்கள். அரிசி மூட்டைக்குக் கீழே 'சூப்பர் அண்ணாச்சி!' என்று வருவது எந்தக் கணக்கில் சேரும்? பவுல் இன்று இருந்தால் வாட்ஸ்அப் வைத்திருப்பார் என்பது அடுத்த வாதம். வைத்திருக்கக்கூடும். எயோதியாள், சிந்திகேயாள் இருவரின் பிணக்கைப் பிலிப்பியர் நிருபத்தில் பெயர் சொல்லி எழுதியவர்தானே அவர். ஆனால் அவர்களோடு சேர்ந்து பாடுபட்டவர், அவர்களை அறிந்த சபைக்கு எழுதினார். சொல்லச் சொல்ல ஒருவர் எழுதி, இன்னொருவர் கையில் கொடுத்தனுப்பிய காலம் அது. வார்த்தையைத் திருத்திக்கொள்ள நேரம் இருந்தது. மூன்றாவது வாதத்துக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை: 2020 ஊரடங்கில் ஆலயங்கள் பூட்டிக் கிடந்தபோது ஆராதனையை வீட்டுக்குக் கொண்டுவந்தது செல்போன்தான். படுக்கையில் கிடக்கிற பாட்டியும் வளைகுடாவில் இருக்கிற மகனும் ஊர் ஆராதனையில் இன்றும் அப்படித்தான் கலந்துகொள்கிறார்கள். ஆனால் நம்மவர், பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரிடம் தனியே விசாரிக்க வேண்டியதையும் குழுவில் போடுகிறார்.

அதற்குப் பெயர் ஜெபக் குறிப்பு. புறங்கூறுவது பாவம் என்று அவருக்குத் தெரியும். ஆகவே அவர் பாரத்தைப் பகிர்ந்துகொள்வார். 'பிரியமானவர்களே, நம்ம சபை சிஸ்டர் ஒருத்தங்களுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. பெயர் வேண்டாம். பாடகர் குழுத் தலைவருடைய மனைவி. பாரத்தோடு ஜெபியுங்கள்.' கூடவே ஸ்கேன் ரிப்போர்ட்டும் இருக்கும். கட்டியின் அளவு தெரியாமல் எப்படிக் குறிப்பாக ஜெபிப்பது? நிச்சயம் முறிந்த பெண்ணுக்காகக் கண்ணீரோடு அவர் கேட்ட ஜெபம், அந்தப் பெண்ணைக் கேட்டு வந்திருக்கக்கூடிய நாலு வீடுகளுக்கும் போய்ச் சேரும். கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்து விழும். கூப்பியவர்களில் ஜெபித்தவர் யார் என்ற பட்டியலை வாட்ஸ்அப் இன்னும் தருவதில்லை. சொந்த வீட்டையும் அவர் விட்டுவைப்பதில்லை. மகள் தனியாக எந்த ரயிலில் போகிறாள், எருசலேம் யாத்திரைக்காக வீடு எத்தனை நாள் பூட்டியிருக்கும், எல்லாம் குறிப்பில் உண்டு. ஃபேஸ்புக் லைக்குகளை மட்டும் வைத்து ஒருவர் கிறிஸ்தவரா முஸ்லிமா என்று நூற்றுக்கு 82 தடவை சரியாகப் பிரிக்கலாம் என்று 2013இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். இவர் விஷயத்தில் அவ்வளவு சிரமம் தேவையில்லை, கவர் படத்திலேயே சிலுவை இருக்கிறது.

மோசடிக்காரன் படிப்பதும் அதே பக்கத்தைத்தான். லண்டனில் வசிக்கும், மனைவியை இழந்த, தேவபயமுள்ள டாக்டர் ஒருவர் நட்பு அழைப்பு விடுப்பார். தினமும் காலையில் வசனம் வரும். எந்த வசனம் இவருக்குப் பிடிக்கும் என்று இவரே மூன்று வருஷமாகப் போட்டு வைத்திருக்கிறார். பிறகு அநாதைப் பிள்ளைகளுக்கென்று அனுப்பிய பரிசுப் பார்சல் டெல்லி விமான நிலையச் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும். விடுவிக்கப் பணம் கட்டச் சொல்லி அதிகாரக் குரலில் ஒரு போன் வரும். கட்டுவார். அரிசி மூட்டை கொடுத்தவர் ஆயிற்றே, இதை மறுத்தால் அந்தப் படத்துக்கு என்ன மரியாதை? பணம் போய்விட்டது என்று புரிகிற அன்று, உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930க்குக் கூப்பிட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த எண்ணை எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பியவரே அவர்தான். ஆனாலும் கூப்பிடமாட்டார். விஷயம் வெளியே வந்தால் யாராவது அதை ஜெபக் குறிப்பாகப் போட்டுவிடுவார்கள்.