காண்டாரின் வாக்குமூலம்

கலிஃபோர்னியாவில் காண்டார் கழுகு செத்தால் பிரேதப் பரிசோதனை போதாது. மரண வாக்குமூலமும் வேண்டும் போலிருக்கிறது. 1982-இல் உலகத்திலேயே 22தான் மிச்சம். இப்போதும் அவற்றைப் பிடித்து ரத்தம் பார்த்து, ஈயம் ஏறியிருந்தால் முறிமருந்து ஏற்றித்தான் அனுப்புகிறார்கள். எக்ஸ்ரேயில் உலோகத் துணுக்கு தெரிவதும் உண்டு. ஈயம் ஏறினால் குடல் முடங்கிவிடும். கழுத்துப் பை நிறைய இறைச்சியோடு பறவை பட்டினியில் சாகும்.

“அது எங்கள் தோட்டாவின் ஈயம்தான் என்று என்ன நிச்சயம்?” என்கிறது துப்பாக்கித் தரப்பு. கேட்க வேண்டிய கேள்விதான். ரத்தத்திலிருந்த ஈயத்தின் ஐசோடோப் விகிதத்தை ஒப்பிட்டார்கள். பெரும்பாலானவை தோட்டாவோடு ஒத்துப்போயின. பழைய கண்காணிப்புக் கோபுரத்தின் பெயின்ட் ஈயம் ஏறிய பறவைகளும் சில அகப்பட்டன. அவ்வளவுதான், பெயின்ட் டப்பாவைக் கூண்டில் ஏற்றியாயிற்று! வேட்டைக்காரர் காட்டில் விட்டுப்போக, காண்டார் தின்னும் மான் குடலில் பொடிப்பொடியாகக் கிடக்கும் ஈயம் வெறும் சந்தர்ப்ப சாட்சியம்.

2019 ஜூலை முதல் அங்கே வேட்டைக்கு ஈயத் தோட்டா கூடாது. செம்புத் தோட்டா விலை கட்டுப்படியாகாது என்ற புகார் உடனே வந்தது. அதற்கு மட்டும் யாரும் ஆதாரம் கேட்டு அடம்பிடிக்கவில்லை.