ஸ்டேட்டஸ் சிகாமணி

காலை ஒன்பதரை. ஓ.எம்.ஆரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடி. பத்துப் பேர் வட்டம் கட்டி நிற்கிறார்கள். நின்றபடி பேசினால் பதினைந்து நிமிடத்தில் முடியும் என்றுதான் ஸ்டாண்டப் மீட்டிங்கைக் கண்டுபிடித்தார்கள். புராஜெக்ட் மேனேஜர் சிகாமணி நடத்தினால் ஐம்பது நிமிடம். இருபதாவது நிமிடத்திலேயே பாதிப் பேர் மேசைமேல் சாய்ந்திருப்பார்கள்.

"ஸ்டேட்டஸ் என்ன?"

"தொண்ணூறு பர்சென்ட் முடிஞ்சுது சார்."

எக்செலில் பச்சை அடிப்பார் சிகாமணி. போன புதனும் அதே தொண்ணூறுதான். அதற்கு முந்தின புதனும் அதுதான். மிச்சம் பத்து ஏன் நகரவில்லை என்று மட்டும் கேட்கமாட்டார். கேட்டால் பச்சை சிவப்பாகிவிடும். நாலாவது மாடியில் ஒருவர் தரவேண்டிய பாஸ்வேர்டுக்காக வேலை மூன்று வாரமாகக் கிடக்கிறது. இரண்டு மாடி இறங்கினால் தீர்ந்தது.

அவர் இறங்கமாட்டார். கெடு நெருங்கியதும் நாலு புது ஆள் கேட்பார். தாமதமான சாஃப்ட்வேர் வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று, ஐ.பி.எம்.மில் பெரிய வேலை நடத்திச் சூடுபட்ட ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே புத்தகம் போட்டுச் சொல்லிவிட்டார். இங்கேயும் அதேதான். வேலை தெரிந்த ஒரே ஆள் புதியவர்களுக்கு வாத்தியாராகிவிட, வேலை தொண்ணூறு பர்சென்ட்டிலேயே நிற்கிறது.

சிகாமணியின் ஸ்லைடில் ‘மெட்ரோ மனிதர்’ ஈ. ஸ்ரீதரன் படம் தவறாமல் இருக்கும். 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலம் சிதைந்தது. சீராக்க ரயில்வே வைத்த கெடு ஆறு மாதம். மேலதிகாரி அதை மூன்றாகக் குறைத்தார். 32 வயது ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். அந்த 46 சிகாமணிக்கு மனப்பாடம். கடலுக்குள் போன கர்டர்கள் எங்கே கிடக்கின்றன என்று மீனவர்களிடம் விசாரித்து, அவற்றையே தூக்கிவந்து பொருத்திய கதைதான் ஸ்லைடில் இல்லை.

போன தையில் தங்கை கல்யாணம். அதற்கும் எக்செல் போட்டார். தாய்மாமாவிடம் இருந்தது நாற்பது பக்க நோட்டும், இடுப்பில் ஸ்டோர் ரூம் சாவியும். விடிய மூன்று மணிக்கு மாமா கேட்டார்:

"தாம்பூலப் பைக்குத் தேங்கா எத்தன இருக்கு மாப்ள?"

"வந்துடுச்சு மாமா."

"வந்துச்சான்னு கேக்கல. எண்ணுனியா?"

எண்ணினார்கள். நூறு குறைந்தது. மாமா யாரையும் திட்டவில்லை, மீட்டிங்கும் போடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பைக்கில் மார்க்கெட்டுக்குப் போனவர், சமையல்காரர் இட்லிக்கு அடுப்பு மூட்டுவதற்குள் மூட்டையோடு திரும்பிவிட்டார்.

ஏழரைக்குள் முகூர்த்தம். ஏழு பத்துக்குத் தாலி ஏறியது. சிகாமணியின் எக்செலில் தேங்காய் முந்தின நாள் ராத்திரியிலிருந்தே பச்சை.