கடலையைக் கேட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போங்கள்

கேள்வி-பதில்: கோடை விடுமுறை, குழந்தைகள், உணவு ஒவ்வாமை

பாளையங்கோட்டை அம்மா: போன வாரம்வரை கடலை மிட்டாயை ரசித்துச் சாப்பிட்ட நாலு வயது மகனுக்கு, திடீரென்று உதடு வீங்கி உடம்பெல்லாம் தடித்துவிட்டது. போன வாரம் இல்லாதது இந்த வாரம் எப்படி வந்தது மாமா?

போன வாரமே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது தாயி, வெளியே தெரியவில்லை. உடம்பு முதலில் சத்தமில்லாமல் அந்தப் புரதத்தை எதிரி என்று குறித்துக்கொண்டு, ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரித்து வைக்கும். அப்புறம் ஒருநாள் போர். 'இத்தனை நாள் சாப்பிட்டானே' என்பது இந்த வழக்கில் சாட்சியாகாது.

தஞ்சாவூர்ப் பாட்டி: தினம் துளித்துளியாகக் கொடுத்துப் பழக்கினால் சரியாகிவிடாதா? நாங்கள் வளர்க்காத பிள்ளையா?

இதே யோசனை பிரான்ஸில் சார்லஸ் ரிஷே என்ற பேராசிரியருக்கும் வந்தது. 1901-ல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் தொடங்கிய ஆராய்ச்சி அது. போர்ட்டியே என்பவரோடு சேர்ந்து, நாய்களுக்குக் கடல் சாமந்தியின் நஞ்சைக் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கப் பார்த்தார். சில வாரம் கழித்து, மறுபடி கொஞ்சம் கொடுத்ததற்கே நாய் செத்தது. அந்த எதிர்விளைவுக்கு 'அனபிலாக்சிஸ்' என்று 1902-ல் பெயர் வைத்தார். 1913-ல் நோபல் பரிசும் வாங்கினார். இப்போது மருத்துவமனையில், மில்லிகிராம் அளந்து, அவசர ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யும் சிகிச்சை உண்டு. அடுப்பங்கரையில் பேரனை வைத்துச் செய்தால் பரிசு கிடைக்காது பாட்டி.

திருச்சி அப்பா: அலர்ஜி மாத்திரை எப்போதும் பையில் இருக்கிறது. போதாதா?

அரிப்புக்குப் போதும். மூச்சு இரைப்பு, குரல் கம்முதல், திரும்பத் திரும்ப வாந்தி, மயங்கிச் சரிதல் என்று போனால் அட்ரினலின் ஊசிதான். தொடையின் வெளிப்பக்கச் சதையில், உடனே. மாத்திரையைக் கொடுத்துவிட்டு 'கொஞ்சம் பார்க்கலாம்' என்று உட்காரும் நேரம்தான் ஆளை விழுங்கும். பிள்ளையைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் உட்காரவையுங்கள், நடக்கமட்டும் விடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். ஊசிக்குப் பிறகு சிரித்து விளையாடினாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். அடங்கியது சில மணி நேரத்தில் மறுபடி கிளம்பலாம்.

அதே திருச்சி அப்பா: அந்த ஊசிக்கு எங்கே போவது?

வெளிநாட்டில் பேனா மாதிரி அழுத்திப் போடும் ஊசி உண்டு. நம்மூர் மருந்துக்கடையில் அது சுலபத்தில் கிடைக்காது. விலை குறைந்த ஆம்பூல் கிடைக்கும். எடைக்கு எவ்வளவு, எப்படி உறிஞ்சுவது, எப்படிக் குத்துவது என்று குழந்தை மருத்துவரிடம் கற்றுக்கொண்டு, அளவைத் தாளில் எழுதி ஊசிப் பெட்டியிலேயே ஒட்டுங்கள். கோடையில் ஒரு எச்சரிக்கை: அது 25 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டு அருவிக்குப் போகாதீர்கள்.

சேலம் வாசகி: ஹோட்டலில் 'சட்னியில் வேர்க்கடலை இருக்கா?' என்று கேட்டால் முறைக்கிறார்கள்.

முறைக்கட்டும். சர்வர் 'இல்லைங்க' என்பார். பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது. அரைத்த மாஸ்டரைக் கேளுங்கள். அப்படியே சட்னி வாளிகளையும் பாருங்கள். நாலு வாளி இருக்கும், கரண்டி இரண்டுதான் இருக்கும். தேங்காய்ச் சட்னியில் கடலை போடவில்லை, கரண்டி போட்டுவிட்டது.

விழுப்புரம் அண்ணன்: வெளிச்சாப்பாடே வேண்டாம் என்று புளியோதரை கட்டிக்கொண்டு போகிறோம்.

நல்லது. அதில் உங்கள் ஊர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டீர்களா?

ஈரோடு வாசகர்: எண்ணெயில் புரதம் கிடையாதே! மரச்செக்குக் கடலை எண்ணெய் கொடுக்கலாம்தானே?

நன்கு சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருக்காது. செக்கில் ஆட்டியதில் இருக்கும். மற்றவர்களுக்கு மணம், இந்தப் பிள்ளைக்கு வினை.

சென்னை அம்மா: மெரினாவில் கடலை வறுக்கும் வாசனை பட்டாலே பயமாக இருக்கிறது.

வாசனையில் புரதம் வராது, தைரியமாக நடங்கள். பயப்பட வேண்டியது கைக்கு. கடலை தின்ற அக்கா அதே கையால் தம்பிக்குப் பஞ்சுமிட்டாய் ஊட்டுவாள். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவினால் போகும். சானிடைசர் கிருமியைக் கொல்லும், கடலையைக் கொல்லாது. மீன், இறால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் வறுவல் கடையிலிருந்து தள்ளியே நிற்கட்டும். அந்த ஆவியில் புரதம் ஏறி வரும்.

நாகர்கோவில் வாசகர்: கன்னியாகுமரி போனபோது சூரை மீன் தின்ற நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் முகம் சிவந்து தலைவலி. குடும்பத்துக்கே அலர்ஜியா?

குடும்பத்தை விடுங்கள், மீனைப் பிடியுங்கள். ஐஸ் போடாமல் வெயிலில் கிடந்த சூரையிலும் அயிலையிலும் ஹிஸ்டமின் ஊறிவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. அலர்ஜி ஆள் பார்த்து அடிக்கும். கெட்ட மீன் பந்தியையே அடிக்கும்.

கரூர் அம்மா: பசும்பால் அலர்ஜி. ஆட்டுப்பால் கொடுக்கலாமா?

வேண்டாம். பசும்பால் ஒத்துக்கொள்ளாத பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளாது. பசுவும் ஆடும் இந்த விஷயத்தில் ஒரே கட்சி.

கோவை அப்பா: ரத்தப் பரிசோதனையில் ஏகப்பட்ட உணவுக்கு 'பாசிட்டிவ்'. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். பிள்ளை இளைக்கிறான்.

இளைக்காமல்? பாசிட்டிவ் என்றால் உடம்பு அடையாளம் கண்டிருக்கிறது என்றுதான் பொருள். சாப்பிட்டால் ஆகாது என்று அல்ல. எதைத் தின்று என்ன ஆயிற்று என்ற கதைதான் முதல் சோதனை. சந்தேகம் தீர, மருத்துவர் கண்முன் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு. அலர்ஜி மருத்துவரிடம் போய், தட்டில் திரும்பி வரக்கூடியதையெல்லாம் மீட்டுக்கொண்டு வாருங்கள். பிள்ளை பசியாய்க் கிடக்க வேண்டிய நோயில்லை இது.

மதுரை வாசகி: இந்த வருஷம் ஊட்டியே வேண்டாம் என்கிறார் வீட்டுக்காரர். குழந்தை அழுகிறாள்.

அழவிடாதீர்கள், கூட்டிப் போங்கள். உதிரியாக விற்கும் சாக்லேட்டை மட்டும் தொடாதீர்கள்; முந்திரி வெட்டிய கத்தியும் வெறும் சாக்லேட் வெட்டிய கத்தியும் ஒன்றுதான். லேபிள் ஒட்டிய பொட்டலம் வாங்குங்கள். நிலக்கடலை, முந்திரி, பாதாம் போன்ற பருப்புகள், பால், முட்டை, மீன், சோயா இருந்தால் அச்சிட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். எள் அந்தப் பட்டியலில் இல்லை. அதை நீங்களே தேடிப் படிக்க வேண்டும். தங்கும் இடத்துக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி எது என்று மலை ஏறுவதற்கு முன்பே கேட்டு வையுங்கள். அட்ரினலின் ஊசி உங்கள் தோள் பையிலேயே இருக்கட்டும். வண்டி டிக்கியில் பூட்டிய பெட்டிக்குள் வேண்டாம்.